டாக்டர் ஐயாவோட பேப்பர் பழைய பேப்பர் லாரியில ஏறிடக் கூடாது

பினாங்குல இருக்குற தமிழ்ச் சங்கம், கோயில் கமிட்டி, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கம் பொறுப்பாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

டாக்டர் ஐயாவுக்கு நினைவேந்தல் கூட்டம் வைக்கப் போறீங்க, மண்டபம் புக் பண்ணியாச்சு, பெரிய படத்துக்கு ஆர்டர் குடுத்தாச்சுன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம், அந்த மனுசனுக்கு வைக்கலன்னா வேற யாருக்கு வைக்கிறது. அவர் பேரையும் பத்திரிகை பேரையும் இங்க நான் போடல, வீட்டுக்காரவங்க வேணாம்னுட்டாங்க, ஆனா தெற்கு செபராங் பிறை (பினாங்கோட பெருநிலக் கரை) பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்தவங்களுக்கு நான் யாரைச் சொல்றேன்னு புரியும். கேக்க வந்தது ஒரு விசயம்தான். கிளினிக் மாடியில அவரோட வாரப் பத்திரிகை கட்டுக் கட்டா கெடக்கு, கட்டடத்துக்காரரு தீபாவளிக்குள்ள காலி பண்ணிக் குடுங்கன்னு சொல்லிட்டாரு, அதுக்கு ஒரு வழி பண்ணுங்க.

காலையில கிளினிக், சாயந்தரம் கிளினிக், நடுவுல பேப்பர், இதுதான் அவர் வாழ்க்கை. வந்தவங்க சட்டை பட்டனைக் கழட்டுறதுக்குள்ள "உங்க லயத்துல தண்ணி வந்துச்சா, ஸ்கூலுக்கு புது வாத்தியார் வந்தாச்சா"ன்னு கேப்பாரு, மருந்து கம்பெனிக்காரங்க சும்மா குடுத்துட்டுப் போற நோட்டுல நாடித் துடிப்பை ஒரு பக்கம் எழுதுவாரு, தண்ணி வரலங்கிறதை இன்னொரு பக்கம் எழுதுவாரு, அந்த இன்னொரு பக்கம்தான் வெள்ளிக்கிழமை நியூசா வரும். பினாங்கு பாலம் 1985ல தொறக்குற வரைக்கும் மேட்டரை பையில போட்டுக்கிட்டு பட்டர்வொர்த் போயி ஃபெரி ஏறி, தீவுல இருக்குற ஜார்ஜ்டவுன்ல அச்சு கோக்குறவர் பக்கத்துலயே உக்காந்து புரூஃப் பாத்துட்டு ராத்திரி திரும்பணும், மறுநாள் காலையில கிளினிக் கதவு நேரத்துக்குத் தொறந்துரும். அப்பெல்லாம் பத்திரிகை பெர்மிட்டை வருசா வருசம் உள்துறை அமைச்சுல புதுப்பிக்கணும், அந்த விதியை 2012லதான் எடுத்தாங்க. கிளினிக்ல வந்த காசுதான் பேப்பரா போச்சு, அது அவர் வீட்டம்மாவுக்கு நல்லாத் தெரியும், ஒரு நாளும் முகம் சுளிச்சதில்ல, கூட்டத்துல அந்த அம்மாவையும் மேடையில உக்கார வைங்க.

நான் அந்த மாடியில ஏறி சில கட்டைப் பிரிச்சுப் பாத்தேன். சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளோட அடையாள அட்டை) வச்சிருந்தவங்க குடியுரிமை பாரத்தை எப்படி நிரப்பணும், எந்தக் கட்டத்துல என்ன எழுதணும், சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்) இல்லன்னா யார்கிட்ட கையெழுத்து வாங்கணும்னு ஒரு முழுப் பக்கம், அதையே மாசா மாசம் திரும்பத் திரும்ப போட்டிருக்காரு. ஸ்கூல் ரிசல்ட்டு, காவடி எடுக்குறவங்க பேரு, தோட்டத்துக் கபடி, மரண அறிவித்தல், சம்சுங்கிற மலிவு சாராயம் குடிச்சு செத்தவங்க செய்தி, எல்லாம் இருக்கு. உங்க தாத்தா பாட்டி போட்டோ வேற எந்தப் பேப்பர்லயும் வந்திருக்காது, இதுல வந்திருக்கும்.

என்னை ரொம்ப நேரம் உக்கார வச்சது மருந்து அடிக்கிற பொம்பளைங்க பத்தி அவர் எழுதினதுதான். தோட்டத்துல புல்லுக்கு பாராகுவாட்ங்கிற களைக்கொல்லி மருந்து அடிச்சது பெரும்பாலும் நம்ம அம்மா, சின்னம்மா, அத்தைங்கதான், முதுகுல டின்னைக் கட்டிக்கிட்டு, கையில கிளவுஸ் இல்லாம, காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் மூஞ்சியில வாங்கிக்கிட்டு. மூக்குல ரத்தம், நகம் கறுத்து உதிருறது, தோல் வெந்து போறதுன்னு அவர்கிட்ட வந்திருக்காங்க, அவர் யார் பேரும் போடாம வயசு, எந்த டிவிசன், எத்தனை வருசமா அடிக்கிறாங்க, எங்க புண்ணுன்னு வரிசையா எழுதி வச்சிருக்காரு. வேலை முடிஞ்சு வந்ததும் பிள்ளையைத் தூக்காதீங்க, மொதல்ல சோப்புப் போட்டுக் குளிங்க, அந்தச் சீலையைத் தனியாத் தொவைங்கன்னு பெரிய எழுத்துல போட்டிருக்காரு, படிக்கத் தெரியாதவங்களுக்குப் பக்கத்துல படம் வேற. அந்த மருந்தை அரசாங்கம் 2002ல தடை பண்ணுச்சு, 2006ல திரும்ப அனுமதிச்சுது, கடைசியா 2020 ஜனவரி 1லதான் முழுசா நின்னுச்சு. நம்ம பொம்பளைங்க உடம்புல பட்ட கஷ்டத்தை நம்ம பாசையில, அந்த நேரத்துலயே எழுதி வச்ச சாட்சி இது. இதைக் கிலோக் கணக்குல எடைக்குப் போடுறதை நெனச்சா வயிறு எரியுது.

சிங்கப்பூர்ல பாருங்க, கோ. சாரங்கபாணி 1935ல ஆரம்பிச்ச தமிழ் முரசோட பழைய இதழ்களை அங்கத்த தேசிய நூலகம் ஸ்கேன் பண்ணி இணையத்துலயே வச்சிருக்கு, வீட்டுல உக்காந்தே படிக்கலாம். இங்க தமிழ் நேசன் 1924ல கோலாலம்பூர்ல ஆரம்பிச்சு 2019 ஜனவரியோட நின்னு போச்சு. அவ்வளவு பெரிய பேப்பருக்கே அந்த நெலமைன்னா சின்ன டவுன் பேப்பரை நம்மள விட்டா யாரு தேடி வருவா. 1986 சட்டப்படி நாட்டுல அச்சாகுற எதுலயும் 5 காப்பி தேசிய நூலகத்துக்குப் போகணும், அதனால மொதல்ல சங்கத்து லெட்டர்ஹெட்ல கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்ல இருக்குற அந்த நூலகத்துக்கு ஒரு கடிதம் போட்டு, இந்தப் பத்திரிகையில எந்தத் தேதி இதழ் அங்க இருக்கு, எது இல்லன்னு கேட்டு வாங்குங்க, இல்லாததை நம்ம கட்டுல இருந்து நெரப்பிக்கலாம்.

இன்னொண்ணு, ஆர்வத்துல பசங்களை அனுப்பி அள்ளிப் போட்டுக் கொண்டு வந்துறாதீங்க. நியூஸ்பிரிண்ட் மட்டமான காகிதம், மரக்கூழ்ல இருக்குற அமிலமே அதை மஞ்சளாக்கி நொறுக்கிரும், நம்ம ஊர் ஈரத்துக்குக் கரையானும் பூச்சியும் சேந்து வந்துரும். கிழிஞ்ச எடத்துல செல்லோடேப் ஒட்டக் கூடாது, ரப்பர் பேண்ட் போடக் கூடாது, மடிச்ச மடிப்பை வெடுக்குன்னு விரிக்கக் கூடாது, பக்கத்தைப் படுக்க வச்சு மேல இருந்து படம் எடுக்கணும். பழைய இதழ்ல தும்பிக்கை போட்ட பழைய வடிவத்து லை, னை எல்லாம் வரும், கம்ப்யூட்டர் தானா படிச்சுக்கும்னு நம்ப முடியாது, தேதியையும் தலைப்பையும் கையாலதான் டைப் பண்ணணும். ரிட்டயர்டு ஆசிரியர்கள் நெறைய பேரு இருக்கீங்க, உங்களுக்கு ஏத்த வேலை இது.

மண்டபத்துக்கு அவர் பேர் வைக்கலாம்னு ஒரு பேச்சு ஓடுது, அது அடுத்த வருசம் கூட நடக்கும். இப்ப வேண்டியது ஒழுகாத, காத்தோட்டமான ஒரு ரூம்பு, தரையில படாம இரும்பு அலமாரி, ஸ்கேனருக்குக் கொஞ்சம் காசு. கூட்டத்துல மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆகுற செலவை இதுக்குத் திருப்பி விடுங்க, வீட்டுக்காரவங்ககிட்ட பேசிட்டேன், அவங்களுக்குச் சம்மதம். லாரியும் அட்டைப் பெட்டியும் நான் பாத்துக்கிறேன், தூக்க எங்க பசங்க வருவாங்க. எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோயில் மண்டபம்னு இந்த மாசக் கமிட்டி கூட்டத்துல முடிவு பண்ணி எனக்கு ஒரு போன் போடுங்க.