புதையல் கதைகளோடு காசுப் புத்தகங்களையும் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூழ்கிய கப்பல்களின் புதையலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. கடைசியில் போட்டிருந்த புத்தகப் பட்டியலில்தான் எனக்குச் சண்டை. எல்லாமே வேட்டைக் கதைகள். புயல், கடன், கோர்ட்டு, அப்புறம் ஒருநாள் கடலடியில் வெள்ளிக்கட்டிகள். புதையல் வேட்டைக்காரர் மெல் ஃபிஷர் 16 வருடம் தேடி 1985 ஜூலை 20 அன்று அட்டோச்சா என்ற ஸ்பானியக் கப்பலின் சரக்குக் குவியலை எட்டிய கதையை யார் எழுதினாலும் நானும் விடிய விடியப் படிப்பேன். ஆனால் அந்தக் கப்பலில் எடுத்தது என்று சொல்லி ஒருவர் ஒரு காசைக் கையில் வைத்தால், அது நிஜமா என்று பார்க்க அந்தக் கதைகளில் ஒன்றும் உதவாது.

அதற்கு வேறு மாதிரிப் புத்தகம் வேண்டும், செட்விக்குகள் எழுதிய 'தி பிராக்டிகல் புக் ஆஃப் காப்ஸ்' மாதிரி. ஸ்பானிய அமெரிக்காவின் காப் காசுகள், வெள்ளியைத் துண்டு துண்டாக வெட்டி, எடை சரியாக வரும்வரை ஓரத்தை நறுக்கி, சம்மட்டியால் முத்திரை அடித்தவை. ரியால் என்பது அந்தக் காலத்து ஸ்பானியப் பண அலகு; 8 ரியால் காசு ஒன்று சுமார் 27 கிராம். வட்டமாகவும் இருக்காது, முத்திரை முழுசாகவும் விழுந்திருக்காது, பல காசுகளில் வருடமே தெரியாது. நாணயச்சாலையின் எழுத்தோ வெள்ளியின் மாற்றை, அதாவது தரத்தை, சோதித்த அதிகாரியின் எழுத்தோ, ஏதோ ஒன்று தப்பிப் பிழைத்திருந்தால் அதை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

உதாரணத்துக்குப் பொட்டோசி, இன்றைய பொலிவியாவில் இருந்த ஸ்பானிய நாணயச்சாலை. அங்கே வெள்ளியில் அளவுக்கு மேல் செம்பைக் கலந்த மோசடி 1649 வாக்கில் அம்பலமாகி, சம்பந்தப்பட்டவர்களில் சிலருக்கு மரண தண்டனையே கிடைத்தது. ஏற்கெனவே புழங்கிய காசுகளின் மதிப்பைக் குறைத்து மேலே சின்னச் சின்ன முத்திரைகள் குத்தினார்கள், 1652இல் கேடயச் சின்னத்தை விட்டுவிட்டுத் தூண்களும் அலைகளும் போட்ட புது அச்சுக்கு மாறினார்கள். இதைப் படித்த ஒருவரிடம் போய், தூணும் அலையும் உள்ள பொட்டோசிக் காசைச் சான்றிதழோடு நீட்டி இது அட்டோச்சாவில் எடுத்தது என்றால் சிரித்துவிடுவார், ஏனென்றால் அட்டோச்சா மூழ்கியதே 1622இல். சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்!

கதைப் புத்தகங்கள் எல்லாமே வீண் என்று சொல்லவில்லை. இலங்கையின் தென்கரைக்கு அப்பால் கிரேட் பாஸஸ் பாறைகளில் 1961இல் ஔரங்கசீப் காலத்து ரூபாய்கள் கட்டிக்கட்டியாகக் கிடைத்ததைப் பற்றி ஆர்தர் சி. கிளார்க் எழுதியதைப் படித்துப் பாருங்கள். சூரத்தில் அடித்த காசுகள், எல்லாவற்றிலும் ஹிஜ்ரி 1113. பெயர் தெரியாத ஒரு கப்பலின் காலத்தை, அதாவது 1702ஐ ஒட்டியது என்பதை, அந்தக் காசுகளே காட்டிக் கொடுத்தன. இந்தப் பக்கத்து விஷயமாகவே இருந்தும் அதுகூட உங்கள் பட்டியலில் இல்லை.

நாணயம் சேர்ப்பவர்களின் கூட்டங்களைப் பற்றிக் கட்டுரை இரண்டு வரியோடு முடித்துக்கொண்டது. கடலில் கிடந்த வெள்ளி எப்படிக் கறுத்து அரித்துப் போயிருக்கும், சுத்தம் செய்த பிறகு எப்படி இருக்கும் என்பதைப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, கையில் வாங்கிப் பார்க்க வேண்டும், அதற்கு நாணயக் கண்காட்சியை விட்டால் நம் போன்றவர்களுக்கு வேறு வழி கிடையாது. ஃப்ளோரிடாவில் ஃபன் என்று சுருக்கமாகச் சொல்லும் பெரிய நாணய மாநாடு வருடா வருடம் ஜனவரியில் நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கடலடித் தொல்லியல்காரர்கள் கூடும் வரலாற்றுத் தொல்லியல் சங்கத்தின் மாநாடும் ஜனவரியில்தான். அகழ்ந்தெடுத்த பொருளை விற்பதையே அந்தச் சங்கம் ஏற்பதில்லை, சேகரிப்பவர்களுக்கோ விற்பனை இல்லாமல் பொழுதுபோக்கே இல்லை. ஆக, ஒரே காசைப் பற்றி இரண்டு கூட்டத்தார் ஒரே மாதத்தில் தனித்தனியாகப் பேசிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

இதில் எனக்கு இரண்டு பக்கமும் கோபம் உண்டு, விற்பவர்கள் மேல் கொஞ்சம் கூடுதலாக. புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவரே பக்கத்து மேஜையில் காசும் விற்றால், அந்தப் புத்தகத்தை எந்தக் கண்ணோடு படிப்பது? 1804இல் மூழ்கிய மெர்சிடிஸ் கப்பலிலிருந்து ஒரு தனியார் நிறுவனம் 2007இல் எடுத்த 17 டன் காசுகள், வழக்கு முடிந்து 2012இல் ஸ்பெயினுக்கே திரும்பிப் போயின. வேட்டைக்காரர் எழுதியதை மட்டும் படித்தால் அது அநியாயமாகத் தோன்றும். ஸ்பெயின் அந்தக் கப்பலைத் தன் கடற்படைக் கப்பலாகவும் அதில் இறந்தவர்களின் கல்லறையாகவும் பார்த்தது என்று தெரிந்தால் அப்படித் தோன்றாது.

அடுத்த முறை பட்டியல் போடும்போது ஒரு காசுக் கையேடு, ஒரு நாணயச்சாலை வரலாறு, ஒரு அகழாய்வு அறிக்கை, இந்த மூன்றையாவது சேருங்கள். இடம் போதவில்லை என்றால் அந்த வெள்ளிக்கட்டிப் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக் கொள்ளலாம்.

இப்படிக்கு,
நாணயம் சேர்க்கும் ஒரு வாசகர்