குடும்பம் குடும்பமா தொழில் கணக்கு எடுங்க ஐயா – மட்டக்களப்பு அரசாங்க அதிபருக்கு ஒரு கோரிக்கை மனு

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மட்டக்களப்பு.

அனுப்புறது: படுவான்கரைப் பக்கத்து மாதர் சங்கத்து ஆக்கள்

விடயம்: தாய் தகப்பன் சேந்து இருக்கிற குடும்பம், ஒராள் தனிய நிண்டு புள்ள வளக்கிற குடும்பம், இந்த ரெண்டுலயும் ஆர் ஆர் உழைக்கிறாங்க எண்ட கணக்கு எடுக்கிறது சம்பந்தமா

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். எங்கட மாவட்டத்துல தாய் தகப்பன் ரெண்டு பேரும் உழைக்கிற குடும்பம் எத்தின, ஒராள் மட்டும் உழைக்கிற குடும்பம் எத்தின, தாய் தனிய நிண்டு புள்ளயும் வளத்து உழைக்கிறதும் அவவாவே இருக்கிற குடும்பம் எத்தின, தகப்பன் தனிய நிக்கிறது எத்தின, இதுல எந்தெந்த வீட்டுல பள்ளிக்கூடம் போகாத சின்னப் புள்ள இருக்கு, இந்தக் கணக்க கிராம சேவகர் பிரிவு வாரியா எடுத்து, அத வச்சு தொழில் திட்டம் போடுங்க எண்டு கேக்கத்தான் இந்த மனு எழுதுறம். வேலை தாங்க எண்டு கேட்டு வாற மனு உங்கட மேசையில நிறையக் கிடக்கும். அதுகளுக்கெல்லாம் முதல் இந்தக் கணக்கு வேணும் எண்டு நாங்க நம்புறம்.

இப்ப எப்பிடி இருக்கு எண்டா, எந்தப் படிவத்த எடுத்தாலும் குடும்பத் தலைவர்ட தொழில் எண்டு ஒரு கோடு, அதுல கூலி எண்டு எழுதினா விசயம் முடிஞ்சிது. என்ன கூலி, வருசத்துல எத்தின மாசம் வேலை, வீட்டுல மத்த ஆள் என்ன செய்யுறா, மத்த ஆள் எண்டு ஒராள் இருக்காவா, அவ வேலைக்குப் போனா கைப்புள்ளய ஆர் பாக்குற, இது ஒண்டும் அந்தக் கோட்டுக்குள்ள வராது. எங்கட ஒழுங்கையிலயே அடுத்தடுத்த ரெண்டு வளவு இருக்கு ஐயா, ரெண்டு வீட்டுக்கும் கூலி எண்டுதான் எழுதிக் கிடக்கு. ஒரு வீட்டுல புருசன் மேசன் வேலை, பொஞ்சாதி தைக்கிறா, புள்ளய மாமியார் பாக்குறா, மழை நாள்ல மேசன் வேலை இல்லாட்டியும் தையல் காசுல அரிசி வாங்கிருவாங்க. மத்த வீட்டுல அந்தத் தங்கச்சி தனிய, மூணு புள்ளைகள், சாமத்துல ஒழும்பி மா அவிச்சு இடியப்பம் புழிஞ்சு விடியிறதுக்குள்ள கடைகளுக்குக் குடுத்துட்டு ஓடி வந்து புள்ளைகள வெளிக்கிடுத்தி விட்டுட்டு மறுகா களை புடுங்கப் போவா, அவவுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தா அண்டைக்கு அந்த வீட்டுல வருமானம் எண்டு ஒரு சதம் இல்ல. இந்த ரெண்டு வீடும் ஒரே கோட்டுல ஒரே சொல்லோட நிக்கிறது நியாயமா எண்டு நீங்களே சொல்லுங்க.

பெண் தலைமைத்துவக் குடும்பம் எண்டு ஒரு பட்டியல் கந்தோர்ல இருக்குத்தான். யுத்தத்துல புருசன இழந்த ஆக்கள், 2004 டிசம்பர் 26 சுனாமியில இழந்த ஆக்கள் எண்டு தொடங்கின பட்டியல். ஆனா இப்ப தனிய நிண்டு புள்ள வளக்கிற எல்லாரும் அதுக்குள்ள இல்ல. புருசன் விட்டுட்டுப் போய் வேற குடும்பம் எடுத்துட்டான், விவாகரத்து எண்டு ஒரு துண்டும் கையில இல்ல, அதனால பதிவுல அவ இன்னும் கலியாணம் கட்டினவ, புருசனோட இருக்கிறவ. தாபரிப்பு, அதாவது புருசன் குடுக்க வேண்டிய செலவுக் காசு கேட்டு நீதிமன்றம் போகலாம், 1999ம் ஆண்டு 37ம் இலக்கச் சட்டம் இருக்கு, ஆனா ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் கூலி போகுது, அவன் நிரந்தர வேலை இல்லாத ஆள் எண்டா காச எங்க புடிக்கிற? காணாமல் போன ஆக்கள்ட மனுசிமார் இருக்காங்க, 2016 ல சட்டத்த திருத்தி காணாமல் போனதுக்கு எண்டு ஒரு சான்றிதழ் குடுக்க வழி வச்சாங்க, ஆனா அத எடுக்கிறதுக்கே மனசு இடம் குடுக்காத தாய்மார் எங்கட ஊர்லயும் இருக்காங்க, அவங்களக் குறை சொல்லேலாது. மறுகா புருசன் வீட்டுலதான் இருக்கான், ஆனா கசிப்புச் சாராயத்துல கிடக்கான், உழைப்பு எண்டு ஒண்டும் இல்ல. கடதாசியில இது தாய் தகப்பன் சேந்திருக்கிற குடும்பம். உள்ளுக்க பாத்தா ஒராள்ட உழைப்புல எல்லாரும் திங்கிற குடும்பம்.

இதுல தகப்பன்மார மறந்துரக் கூடாது ஐயா. மனுசி குவைத்துலயோ சவூதியிலயோ வீட்டு வேலைக்குப் போய் நிக்கிறா, இஞ்ச தகப்பன்தான் புள்ளைகளுக்கு சமைச்சுக் குடுத்து தலை வாரி அனுப்புறான், ஆத்துக்கு வலை கொண்டு போறதும் இல்ல, ஏனெண்டா தோணி ராவுலதான் போகும், புள்ளைகள தனிய விட்டுட்டுப் போகேலாது. இப்பிடி நிக்கிற ஆம்புளைக்கு எந்தப் பட்டியல்லயும் இடமில்ல. வெளிநாட்டுக் காசு வருகுதுதானே எண்டு சொல்லுறாங்க, அந்தக் காசுல முதல் போறது கடன்.

வெளிநாடு எண்ட உடன ஒண்டு சொல்ல வேணும். 2013 ல குடும்பப் பின்னணி அறிக்கை எண்டு ஒண்டு கொண்டு வந்தாங்க. ஒரு தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போறதெண்டா புள்ளைக்கு எத்தின வயசு, புள்ளய ஆர் பாக்குற, அந்த ஆள்ட சம்மதம் இருக்கா எண்டு பிரதேச செயலகத்துல இருந்து உத்தியோகத்தர் விசாரிச்சு அறிக்கை குடுக்க வேணும் எண்டு வச்சாங்க. புள்ளைகள்ட நன்மைக்கு எண்டு வச்ச விதி, அது சரி. ஆனா அதே தாய் இஞ்ச, நம்மட மாவட்டத்துக்குள்ள வேலைக்குப் போகப் போறன் எண்டு வந்தா, நீ போனா உன்ட புள்ளய ஆர் பாக்குற எண்டு எந்தக் கந்தோரும் கேக்கிறதில்ல. கடல் தாண்டிப் போறவக்கு மட்டும் கேக்குற கேள்விய ஊருக்குள்ள உழைக்க நினைக்கிறவக்கும் கேளுங்க, கேட்டு அதுக்கு ஒரு வழியும் செய்யுங்க எண்டுதான் நாங்க கெஞ்சிக் கேக்குறம்.

வேலையே இல்லாத மாவட்டம் எண்டும் சொல்லேலாது. காமெண்ட்ஸ்ல, அதுதான் உடுப்புத் தைக்கிற பெக்டரிகள்ல, ஆள் தேவை எண்டு போர்ட் போட்டு கிடக்கு, வேன்ல ஊர் ஊரா வந்து மைக்ல சொல்லுறாங்க. ஆனா பஸ் வெள்ளாப்புல வருகுது, வீட்ட கிறுகி வாற நேரம் இருட்டு. பாலர் பாடசாலை மதியத்துக்கு முன்னம் விட்டுரும், பெரிய பள்ளிக்கூடம் ஒண்டரைக்கு விடும். வீட்டுல மாமியோ தாயோ புருசனோ இருந்தா இது ஒரு பிரச்சினை இல்ல, தனிய நிக்கிறவக்கு இதுதான் முழுப் பிரச்சினையும். அதனால அங்க போறது கூடுதலா கலியாணம் கட்டாத பொடிச்சிகளும் வீட்டுல பாக்க ஆள் உள்ள தாய்மாரும்தான், ஆரு கட்டாயம் உழைக்க வேணுமோ அவதான் அந்தப் பஸ்ல ஏறேலாம நிக்கிறா. சில வீட்டுல மூத்த பொம்புளப் புள்ளய பள்ளிக்கூடத்தால மறிச்சு சின்னத பாக்க வச்சிட்டுத்தான் தாய் போறா. அந்தப் புள்ளைட படிப்பு அதோட போச்சு.

வயல் பக்கமும் இப்பிடித்தான். முந்தி வேளாண்மை வெட்டுக்கு பொம்புளைகள் கூட்டமா இறங்குவாங்க, இப்ப வெட்டு மெசின் வந்து நாள் கணக்குல செய்த வேலைய மணிக் கணக்குல முடிச்சிட்டுப் போகுது, மிச்சம் நடுகையும் களை புடுங்குறதும்தான், அதுலயும் ஆம்புளைக்கு ஒரு சம்பளம் பொம்புளைக்கு அதுல குறைச்சு. புருசன்ட வயல் கைக்கு வந்த பொம்புளைக்கும் லேசு இல்ல, உன்னிச்சை, நவகிரிக் குளங்கள்ட பக்கம் தண்ணி முறை ராவுல வந்தா ராவுல போய்த் திறக்க வேணும், யானைக்கு வாடியில காவல் கிடக்க வேணும், வீட்டுல புள்ளைகள் தனிய. கூலிக்கு ஆள் வச்சா லாபம் இல்ல, அதனால குத்தகைக்குக் குடுத்துருறாங்க. மறுகா படிவத்துல வயல் உள்ள குடும்பம் எண்டு பதியுறாங்க.

உதவித் திட்டம் வாறதும் எங்களுக்குத் தெரியாததில்ல, குடுக்கிற ஆக்கள்ட மனசையும் நாங்க மதிக்கிறம். ஆனா தனிய நிக்கிற தாய் எண்டா கோழிக்குஞ்சு, தையல் மெசின், இந்த ரெண்டும்தான். ஒரே ஒழுங்கைக்குள்ள எல்லா வீட்டுலயும் தையல் மெசின் இருந்தா ஆர் ஆருக்குத் தைக்கிற? வீட்டுல இருந்துகொண்டே செய்யட்டும் எண்டு குடுக்கிறது, புள்ளய பாக்க ஆள் இல்ல எண்ட உண்மைய தீர்க்காம சுத்திப் போற வழி. அதுக்கு மேல சுயதொழிலுக்கு எண்டு நுண்கடன் எடுத்து, கிழமைக்குக் கிழமை கட்டேலாம, ஒரு லோன அடைக்க இன்னொரு லோன் எடுத்த கதை உங்களுக்கும் தெரியும், 2018 ல அரசாங்கமே வறட்சி பாதிச்ச மாவட்டத்துப் பொம்புளைகள்ட ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடன தள்ளுபடி செய்ய வேண்டி வந்திச்சு. 2025 ஏப்ரல்ல தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபா ஆக்கினாங்க, நல்ல விசயம், ஆனா அது மாசச் சம்பள வேலையில இருக்கிறவக்குத்தான், நேரம் ஒத்துவராம அந்த வேலைக்கே போகேலாதவக்கு என்ன பிரயோசனம்?

இப்ப கணக்கு விசயத்துக்கு வாறம். நம்மட நாட்டுல தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் தொழிற்படை ஆய்வு நடத்துது. அதுல பாத்தா நாட்டுல வேலையில இருக்கிற, இல்லாட்டி வேலை தேடுற பொம்புளைகள் மூண்டுல ஒரு பங்கு அளவுதான், ஆம்புளைகள் பத்துக்கு ஏழு பேர் அளவுல. நாலு குடும்பத்துல ஒண்டு அளவு பொம்புள தலைமை தாங்குற குடும்பம் எண்டும் அதே திணைக்களத்துட குடும்ப வருமான ஆய்வு காட்டுது. ஆனா இந்த ரெண்டையும் ஒண்டா வச்சு, தனிய நிக்கிற தாய் எத்தின பேர் வேலையில, புருசனோட இருக்கிற தாய் எத்தின பேர் வேலையில, கைப்புள்ள இருந்தா அது எப்பிடி மாறுது எண்டு நம்மட மாவட்டத்துக்கு ஒரு அட்டவணை நாங்க காணல்ல.

அமெரிக்காவுல இத வருசா வருசம் செய்யுறாங்க. அங்கத்த தொழில் புள்ளிவிபரப் பணியகம் குடும்பங்கள்ட தொழில் நிலை எண்டு தனியா ஒரு அறிக்கை விடுது, அதுல கணவன் மனைவி குடும்பம் வேற, துணை இல்லாத தாய் நடத்துற குடும்பம் வேற, துணை இல்லாத தகப்பன் நடத்துறது வேற, கடைசிப் புள்ளைக்கு ஆறு வயசுக்குக் குறைவா கூடவா எண்டு அதையும் பிரிச்சுப் போடுறாங்க. அதுல தெரியிறது என்னெண்டா, புள்ளைகள் உள்ள கணவன் மனைவி குடும்பத்துல மூண்டுல ரெண்டு பங்கு அளவுல ரெண்டு பேருமே வேலை, துணை இல்லாத தாய்மார் புருசன் உள்ள தாய்மார விட கூடுதலா வேலைக்கு நிக்கிறாங்க, ஆனா தேடியும் வேலை கிடைக்காம இருக்கிற வீதமும் துணை இல்லாத தாய்மாருக்குத்தான் கூட. அவங்கட நாடு வேற நம்மட நாடு வேற, அந்த இலக்கத்தக் கொண்டு வந்து இஞ்ச ஒட்டேலாது. கேள்விய மட்டும் எடுப்பம் எண்டுறம். அந்தக் கேள்விய இஞ்ச கேட்டா என்ன பதில் வரும் எண்டு நமக்கு ஒருத்தருக்கும் தெரியாது, தெரியாமத்தான் கோழிக்குஞ்சு குடுத்துக்கொண்டு இருக்கம்.

இதுக்கு பெரிய காசு தேவையில்ல ஐயா. மாவட்டத்துல 14 பிரதேச செயலகம் இருக்கு, ஒவ்வொண்டுலயும் அபிவிருத்தி உத்தியோகத்தர்மார், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் எல்லாரும் இருக்காங்க. அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிக் கொடுப்பனவுக்கு 2023 ல வீடு வீடா போன ஆக்கள் இருக்காங்க. 2024 டிசம்பர் 19 நாள் வச்சு எடுத்த குடிசன மதிப்பு இருக்கு. திணைக்களத்துட்ட மட்டக்களப்புக்கு மட்டும் குடும்ப வாரியா ஒரு அட்டவணை தாங்க எண்டு நீங்க கேட்டா அந்த வேலையில பாதி குறையும், மிச்சத்த கிராம சேவகர்மாரும் மாதர் சங்கங்களும் சேந்து எடுக்கலாம், நாங்க நடந்து திரிய ரெடி. ஆனா ஒரு வேண்டுகோள், புருசன் இருக்கானா இல்லையா எண்டு ஆம்புளைகள் கூடி நிக்கிற இடத்துல வச்சுக் கேக்க வேணாம். பொம்புள உத்தியோகத்தர் வீட்டுக்குள்ள இருந்து கேக்கட்டும், விபரம் வெளிய போகக் கூடாது. ஊர் வாய்க்குப் பயந்து பொய் சொன்னா எடுக்கிற கணக்கே பிழைச்சுப் போகும்.

கணக்கு வரும் மட்டும் எல்லாத்தையும் நிப்பாட்டி வைக்கவும் சொல்லல்ல. தனிய நிக்கிற தாய்மார் கூடின ரெண்டு மூணு கிராமத்துல பாலர் பாடசாலையோட சேத்து பின்னேரம் மட்டும் புள்ள பாக்குற இடம் ஒண்டு நடத்திப் பாருங்க, டீச்சர்மாருக்கு அதுக்கு ஒழுங்கான மேலதிகக் கொடுப்பனவு குடுத்து, ஏனெண்டா இப்ப அவங்க வாங்குறதே சொற்பம், அவங்களும் பொம்புளைகள், அவங்கள்லயும் தனிய நிக்கிற ஆக்கள் இருக்காங்க. காமெண்ட்ஸ் முதலாளிமாரக் கூப்பிட்டு பள்ளிக்கூட நேரத்துக்கு ஒத்த மாதிரி ஒரு ஷிப்ட் வைக்கேலுமா எண்டு உங்கட தலைமையில ஒரு கூட்டத்துல கேளுங்க, நாங்க கேட்டா கேற்ல நிக்கிற செக்யூரிட்டியத் தாண்ட ஏலாது. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்கு வயல் உள்ள பொம்புளைகளையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவங்களுக்கு பகல் தண்ணி முறை குடுக்க, வயலுக்குத் தண்ணி பங்கிடுற வட்டவிதானைமாருக்குச் சொல்லுங்க. மனைவி வெளிநாட்டுல இருக்கிற, மனைவி செத்துப் போன தகப்பன்மாரையும் இதே பட்டியல்ல சேருங்க.

அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துல இந்த விசயத்த எடுக்க வேணும் எண்டு கேட்டுக் கொள்ளுறம். கையெழுத்து வச்ச ஆக்கள்ட தாள் இதோட இணைச்சிருக்கு, கையெழுத்து வைக்கத் தெரியாத அம்மாமார் பெருவிரல் வச்சிருக்காங்க. பதில எங்கட பிரதேச செயலகத்து பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கூடாக அனுப்பினா போதும், நேர வரச் சொன்னா நாங்க வாறம், வயல் வேலை இல்லாத நாளாப் பாத்து திகதி தந்தீங்கண்டா புள்ளைகளோட தனிய நிக்கிற ஆக்களும் வந்து தங்கட வாயாலயே சொல்லுவாங்க.

நன்றி ஐயா.

இப்படிக்கு,
மாதர் சங்கத்து ஆக்கள் சார்பா செயலாளர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.