ஒரே பொருளைப் பற்றித் தொடர்ந்து எழுதுவோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரே துறையைப் பற்றி எழுதத் தொடங்கும் பலர் சில கட்டுரைகளிலேயே தடுமாறி நின்றுவிடுகிறார்கள். பொருளை அகலமாக எடுப்பதே முக்கியக் காரணம். 'சைக்கிள்' என்று தொடங்கினால் பந்தயம், விலை, உடல்நலம் என்று சிதறிப்போகும். 'சைக்கிளை வீட்டிலேயே பழுது பார்ப்பது' என்றால் யாருக்காக எழுதுகிறோம் என்பது விளங்கிவிடும். முதல் கட்டுரைக்கு முன்பே 30 தலைப்புகளைப் பட்டியலிட்டுப் பாருங்கள். பத்திலேயே திணறினால் வேறு பொருள் தேடுவது நல்லது.

வாசகரைப் பிடித்து நிறுத்துவது நுணுக்கம்தான். 'பஞ்சர் ஒட்டுங்கள்' என்றால் போதுமா? ட்யூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் என்னும் ரப்பர் பசையைத் தடவி, பளபளப்பு மங்கும்வரை சில நிமிடங்கள் காயவிட்ட பிறகே ஒட்டுத்துண்டை ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் ஓரம் பெயர்ந்துவிடும். டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பார்த்து முள்ளை எடுக்காவிட்டால், ஒட்டிய ட்யூப் மறுபடி பஞ்சராகும். வேலை தெரிந்த கை மட்டுமே எழுதக்கூடிய இத்தகைய வரிகளுக்காகவே வாசகர் திரும்பி வருகிறார்.

தலைப்பு, வாசகர் கேட்கும் கேள்வியாகவே இருக்கட்டும். வாரம் ஒன்று முடியாதென்றால் மாதம் இரண்டு எழுதலாம், ஆனால் நாள் தவறக் கூடாது. ஒரே சந்தேகத்தை மூன்று பேர் கேட்டால் பழைய கட்டுரையில் ஏதோ விடுபட்டிருக்கிறது. அதைத் திருத்திவிட்டே அடுத்ததைத் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்