கரும்புத் தோட்டத்திலிருந்து சட்டமன்றத்துக்கு

டர்பன்

அன்புள்ள நண்பருக்கு,

என் தாய்மாமன் மறைவு குறித்து நீங்கள் எழுதிய கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். டர்பனுக்கு அருகே டோங்காட்டில் கரும்பு பயிரிட்டவர் சட்டமன்றத்தில் என்ன செய்தார் என்று கேட்டிருந்தீர்கள்.

அவருடைய பாட்டனார் ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்தவர். நம்மவர்கள் புதிதாக நாடாளுமன்ற வாக்காளராகும் வழியை 1896ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்தது. எல்லா இனத்தாரோடும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்த 1994 ஏப்ரல் மாதத்தை மாமா கடைசிவரை கண் கலங்காமல் சொன்னதில்லை. 1999இல் கட்சிப் பட்டியல் வழியாகக் குவாசூலு-நேட்டால் மாகாணச் சட்டமன்றத்தின் 80 உறுப்பினர்களில் ஒருவரானார்.

கரும்பு விலையைச் சீராக்கும் எண்ணத்தோடு, சட்டமன்றம் கூடும் பீட்டர்மரிட்ஸ்பர்க் போனவருக்கு, சர்க்கரைச் சட்டம் தேசிய அரசின் கையில் இருப்பது பெரும் ஏமாற்றமாக இருந்தது. ஆனால் மாகாணச் சாலைகள் மாகாணத்தின் பொறுப்பு என்பதால் அதைப் பிடித்துக்கொண்டார். ஆலை எடைக்கு மட்டும் பணம் தருவதில்லை, கரும்பிலுள்ள சர்க்கரையைப் பார்த்தே தருகிறது. வெட்டிய கரும்பு மழைச்சேற்றில் லாரியோடு இரண்டு நாள் சிக்கிக்கொண்டால், ஓராண்டுக்கு மேலான உழைப்பின் சாறு வழியிலேயே வீணாகிறது. இதை அவர் நிதிநிலை விவாதங்களில் சலிக்காமல் சொன்னார். மலைச்சரிவிலுள்ள ஜூலு என்ற ஆப்பிரிக்க இனத்துச் சிறு விவசாயிகளின் நிலங்களை ஆலைச் சாலையோடு இணைக்கும் சில கிலோமீட்டர் மண்பாதைக்குச் சரளை போட ஐந்து ஆண்டுகள் ஆயின. அது சிறிய வேலை என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

மக்கள் கட்சிக்கு வாக்களிக்க, கட்சியின் பட்டியலிலிருந்து ஆட்கள் தேர்வாகும் இந்தப் பட்டியல் முறையில் உறுப்பினருக்கென்று தனித் தொகுதி கிடையாது. யாரும் அவரைத் தேடி வரவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகவே சனிக்கிழமைதோறும் அவரே போனார். வயலில் விளையாடிக் கற்ற ஜூலு மொழியில் பேசி, குறைகளைப் பழைய கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வார். வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும் மறுதாம்புக் கரும்பின் வெட்டுக் கணக்கும் அதே நோட்டில் இருக்கும்.

அந்த நோட்டுகள் பதினொன்று இப்போது என்னிடம் உள்ளன. நிலத்தைக் குத்தகைக்கு விடலாமா என்று அத்தை கேட்கிறார். அந்தச் சரளைப் பாதை அருகில் பயிரிடும் ஜூலு குடும்பமொன்று கேட்டிருக்கிறது. அவர்களுக்கே கொடுக்கலாம் என்பது என் விருப்பம். உங்கள் எண்ணத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்