பென்சகோலாவுக்குக் காரில் போகும் நம் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

கோடை விடுமுறை வந்தால் அட்லாண்டாவிலிருந்து நாலைந்து வண்டிகளில் கிளம்பி ஃப்ளோரிடாவின் பென்சகோலா கடற்கரைக்குப் போய்விடுகிறோம். போன ஜூனில், அங்கே பிக்கன்ஸ் கோட்டைக்குப் போகும் சாலையில் பார்த்த ஒன்று இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முன்னால் போன வண்டி நம் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். வேகத்தைக் குறைக்கவே இல்லை. அது கடந்த பிறகு தார்ச்சாலையில் ஆலா என்ற கடற்பறவையின் குஞ்சு ஒன்று நசுங்கிக் கிடந்தது. தாய்ப்பறவை அதற்கு மேலேயே கத்திக்கொண்டு சுற்றியது. ஓட்டியவருக்கு அது தெரியக்கூட இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. மணிக்கு 20 மைல் என்று பலகை வைத்திருப்பது எதற்காக என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

சரி, நான் சொல்கிறேன். அந்தக் கோட்டை இருக்கும் சாண்டா ரோசா தீவு, கடலுக்கும் ஊருக்கும் நடுவே வரப்பு போல நீண்டு கிடக்கும் மணல். புயல் வந்தால் முதல் அடி அதற்குத்தான். 2004ல் ஐவன், அடுத்த வருஷம் டென்னிஸ். சாலையே போய்விட்டது. 2009ல்தான் கார்கள் மறுபடி கோட்டை வரை போயின. அந்த வெட்டவெளி மணலில் லேசாகக் குழி பறித்துத்தான் சின்ன ஆலாக்கள் முட்டையிடும். உப்புக்கொத்தி என்ற கரைப்பறவையும் அப்படித்தான். கூடு என்று ஒன்றும் கிடையாது, முட்டையும் மணல் நிறம். நாம் கிட்டே போனால் தாய் எழுந்து பறந்துவிடும். அந்த வெயிலில் கொஞ்ச நேரம் போதும், முட்டை வெந்துவிடும். குஞ்சுக்கோ மணல் எது, சாலை எது என்று தெரியாது. முட்டையிடும் இடங்களைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பது இதற்காகத்தான். போட்டோ எடுக்க அதைத் தாண்டாதீர்கள். மணல்மேட்டில் கதிர்விட்டு நிற்கும் கடல் ஓட்ஸ் புல்லையும் பிடுங்க வேண்டாம். அந்த மேட்டை இறுக்கிப் பிடித்திருப்பது அதன் வேர்தான்.

அப்புறம், கோட்டை. பீரங்கிப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு ஓடிவிடுகிறோம். 1834ல் கட்டி முடித்த கோட்டை அது, இரண்டு கோடிக்கும் மேல் செங்கல். அடுக்கியவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். 1886ல் அப்பாச்சி என்ற அமெரிக்கப் பூர்வகுடிகளின் போராளித் தலைவர் ஜெரோனிமோவையும் அவரோடு இருந்த ஆண்களையும் அங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். மனைவி மக்களை முதலில் பிரித்து ஃப்ளோரிடாவின் இன்னொரு கோடியில் இருக்கும் செயின்ட் அகஸ்டினுக்கு அனுப்பிவிட்டார்கள். கைதியாக இருந்தவரைப் பார்க்கச் சுற்றுலாக் கூட்டம் படகில் வந்தது. அந்த அறைகளில் நிற்கும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். என் மகள் கேட்டாள், "அப்புறம் அவர் வீட்டுக்குப் போனாராப்பா?" போகவில்லை. 1909ல் ஓக்லஹோமாவில் கைதியாகவே இறந்தார். அதற்குப் பிறகு அவள் பீரங்கிப் பக்கம் போகவே இல்லை, வெகு நேரம் அந்தச் செங்கல் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள்.

இந்த ஜூன் பயணத்துக்கு யார் புளியோதரை, யார் தயிர்சாதம் என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் போடுவோம் இல்லையா, அதே செய்தியில் அந்த 20 மைலையும் கயிற்றையும் சேர்த்துப் போடுங்கள். கோட்டைச் சாலையில் என் வண்டி முதலில் போகட்டும். பின்னால் வருகிறவர்கள் தயவுசெய்து ஹாரன் அடிக்காமல் வாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்