வராத வாக்குக்கும் ஒரு முகவரி உண்டு

மலேசியத் தேர்தல் ஆணையத் தலைவர் அவர்களுக்கும் ஆணைய உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கோலாலம்பூர் அடுக்குமாடிகளை ஒட்டிய பள்ளிகளில் வாக்குச்சாவடி முகவர்களாகவும் எண்ணும் முகவர்களாகவும் உட்காருகிறவர்கள் எழுதும் மடல் இது. தேர்தல் முடிந்த மறுநாளே "நகரத்துக்காரர்களுக்கு அக்கறை இல்லை, இந்தியர்கள் வெளியே வரவில்லை" என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. அந்தப் பேச்சைத் தாங்கி நிற்கும் வாக்களிப்பு விழுக்காட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

2018 பொதுத்தேர்தலில் பதிவு பெற்ற வாக்காளர்கள் 14.94 மில்லியன் பேர், வந்தவர்கள் 82.3 விழுக்காடு. அடுத்த பொதுத்தேர்தல் நடந்த 2022 நவம்பர் 19இல் பட்டியல் 21.17 மில்லியனாக வளர்ந்திருந்தது. வந்தவர்கள் ஏறக்குறைய 74 விழுக்காடு. சரிவுதான். ஆனால் பெருக்கிப் பாருங்கள்: முன்பு சுமார் 12.3 மில்லியன் பேர் வாக்களித்தார்கள், பின்பு 15 மில்லியனுக்கும் மேல். வந்தவர்கள் கூடினார்கள், பட்டியல் அதைவிட வேகமாக வீங்கியது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பியவர் தானாகவே பட்டியலில் சேர்கிறார். நல்ல மாற்றம், மறுப்பே இல்லை. ஆனால் அவர் சேர்வது அடையாள அட்டையில் உள்ள முகவரியில். அவர் குடியிருப்பது வேறெங்கோ.

வாடகை ஃபிளாட்டில் இருப்பவரைக் கேளுங்கள். ஐசியில் (அடையாள அட்டையில்) ஈப்போ முகவரி இருக்கும், அல்லது இடித்துத் தள்ளிய பழைய புறம்போக்கு வீட்டின் எண் இருக்கும். "எப்படியும் அடுத்த வருஷம் வீடு மாறுவோம்" என்று தள்ளிப்போட்டிருப்பார். சிலர் அடையாள அட்டை வழங்கும் தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் முகவரியை மாற்றியும் விடுகிறார்கள். அதோடு வாக்களிக்கும் இடமும் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைப்பதில் தப்பில்லை. சேர்ந்தது தானாக என்றால் மாறுவதும் தானாகத்தானே இருக்கும்? இல்லை. முதலில் பதிவிலாகாவில் ஐசி முகவரி. பிறகு உங்கள் ஆணையத்திடம் தொகுதி மாற்ற விண்ணப்பம். பிறகு துணைப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறதா என்ற சரிபார்ப்பு. இரண்டாவது படியில்தான் பெரும்பாலோர் விழுகிறார்கள். நாடாளுமன்றம் கலைந்த பிறகு ஓடினால் அந்தத் தேர்தலுக்கு அது உதவாது.

மாற்றாதவர் ஊருக்குப் போய்த்தான் வாக்களிக்க வேண்டும். 2022இல் தீபாவளி அக்டோபர் 24. கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணிக்குப் போய்ப் பெருநாளை முடித்து வந்தவர், நான்கு வாரம் முடிவதற்குள் மறுபடி பஸ் டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. 12 மணி நேர ஷிப்டு பார்க்கும் பாதுகாவலர் என்ன செய்வார்? வாக்களிக்க நியாயமான நேரம் கொடுக்க வேண்டும், சம்பளத்தில் கைவைக்கக் கூடாது என்று 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின் 25ஆம் பிரிவு முதலாளியிடம் சொல்கிறது. பக்கத்துப் பள்ளியில் வாக்கு உள்ளவருக்கு இரண்டு மணி நேரம் போதும். கெடாவில் வாக்கு உள்ளவருக்கு அந்த இரண்டு மணி நேரம் எதற்கு ஆகும்? வெளிநாட்டில் இருப்பவர் அஞ்சலில் வாக்களிக்க வழி வைத்தீர்கள். உள்நாட்டில் வேலைக்காக ஊர் மாறியவருக்கும் அந்த வழியைத் திறந்துவிடுங்கள்.

இனி, அரசியல் சாய்வு. ஒவ்வொரு பள்ளியிலும் சாலுரான்கள், அதாவது வாக்களிக்கும் தனித்தனி அறைகள், வயதுப்படி அடுக்கப்படுகின்றன: முதலாவதில் முதியவர்கள், கடைசியில் இளையவர்கள். எண்ணி முடித்ததும் ஒவ்வொரு சாலுரானுக்கும் ஒரு பாரம் 14, அதாவது முடிவைப் பதியும் படிவம். ஆகவே ஒரே பள்ளியின் முதல் சாலுரானையும் கடைசி சாலுரானையும் பக்கத்தில் வைத்தால் தலைமுறைகளுக்கு நடுவில் உள்ள வேறுபாடு தெரியும். இனம் தெரியாது. கலந்து வாழும் ஃபிளாட்டில் தமிழர் வாக்கு தனிப் பெட்டியில் விழுவதில்லை. "இந்தியர் வாக்கு இத்தனை விழுக்காடு" என்பதெல்லாம் கணிப்பு.

அடுத்த பிழை இன்னும் எளிது. எடுத்துக்காட்டாக, 600 பேர் உள்ள சாலுரானில் 420 பேர் வந்து ஒரு கட்சிக்கு 260 விழுந்தால் 62 விழுக்காடு. அடுத்த முறை 330 பேரே வந்து 215 விழுந்தால் 65 விழுக்காடு. ஆதரவு கூடியது என்று கட்சி கொண்டாடும். இழந்ததோ 45 வாக்கு. கோலாலம்பூரின் ‘பத்து’ (Batu) என்ற தொகுதியில் 2022இல் 10 பேர் நின்றார்கள் (பெயர்ப் பொருத்தம் எங்கள் கைவரிசை அல்ல). அப்படிப்பட்ட இடத்தில் வென்றவரின் விழுக்காட்டை மட்டும் வைத்து வட்டாரத்தின் மனசைப் படிப்பது கிளி ஜோசியம்.

பாரம் 14இன் நகல் கட்சி முகவர்கள் கையில் போய்விடுகிறது. ஃபிளாட்டில் குடியிருப்பவர் அதைப் பார்க்கக் கட்சி அலுவலகக் கதவைத் தட்டக் கூடாது. சாலுரான்வாரியாகப் பதிவானோர், கொடுத்த வாக்குச்சீட்டு, பெட்டியில் விழுந்தது, செல்லாதது, வேட்பாளர் பெற்றது ஆகிய ஐந்தையும் கணினியில் கூட்டிக் கழிக்கக்கூடிய அட்டவணையாக யாரும் எடுக்கும்படி வெளியிடுங்கள். படம் பிடித்த தாள் போதாது.

கோலாலம்பூருக்குச் சட்டமன்றம் இல்லை. 1974இல் கூட்டரசுப் பிரதேசமானபோது சிலாங்கூர் சட்டமன்ற வாக்கும் போனது. இங்கே ஊராட்சித் தேர்தல் அதற்கும் முன்பே, 1960களிலேயே நின்றுபோனது. பினாங்குக்காரருக்கு இரண்டு சீட்டு, இங்கே ஒன்றுதான். அந்த ஒன்றும் பழைய முகவரியில் கிடக்கிறது.

பதிவிலாகா முகவரி மாற்றப் படிவத்திலேயே "வாக்களிக்கும் தொகுதியையும் மாற்றுக" என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். அது வரும்வரை, இரண்டு படிகளையும் மலாய், சீனம், தமிழில் ஒரே தாளில் அச்சடித்து ஒவ்வொரு புளோக்கிலும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். லிஃப்ட் வரக் காத்திருக்கும் நேரத்தில் படித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
கோலாலம்பூர் வாக்குச்சாவடி முகவர்கள் சிலர்