டிசம்பரில் உன் நாயை மலைக்குக் கூட்டி வருவது பற்றி

பாப்பா,

நாயையும் வேட்டைக்குக் கூட்டி வரலாமா என்று நீ கேட்டது ஒரே வரி, பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள். உன் பிரிட்டனி இன வேட்டை நாய்க்குட்டியை நெவாடாவில் வின்னமக்கா ஊர்ப் பக்கம் சக்கர் கவுதாரி வேட்டைக்குத் தாராளமாகக் கூட்டி வா. ஆனால் சியாட்டில் பூங்காவில் அது பந்துக்குப் பின்னால் ஓடுகிற ஓட்டத்தை வைத்து இந்த மலையை எடைபோடாதே. இங்கே சேஜ்பிரஷ் புதர், காய்ந்த புல், கால் வைத்தால் நழுவுகிற பாறைச் சில்லு, அதற்கு மேலே செங்குத்தான பாறை விளிம்பு, அவ்வளவுதான். பறவை இருப்பது பெரும்பாலும் அந்த விளிம்பை ஒட்டித்தான்.

சக்கரும் நம்மைப் போலக் குடியேறியதுதான். பாகிஸ்தானின் தேசியப் பறவை, இமயமலைச் சரிவுகளிலும் உண்டு, நிலவொளியைக் குடித்து வாழும் என்று நம் கவிஞர்கள் பாடிய சகோரம் இதுதான் என்பார்கள். நெவாடாவில் 1930களில் கொண்டுவந்து விட்டார்கள், 1947இல் வேட்டைப் பருவம் திறக்கிற அளவுக்குப் பெருகிவிட்டது. இங்கே அதற்கு நிலவெல்லாம் வேண்டாம், சீட்கிராஸ் புல் இருந்தால் போதும். அந்தப் புல்லும் வெளியிலிருந்து வந்து பரவியதுதான், காட்டுத்தீக்கு எண்ணெய் ஊற்றுகிற சனியன், சக்கருக்கு மட்டும் சாப்பாடு. வெயில் காலத்தில் பறவைகள் தண்ணீரை விட்டு நகராது. மழை பெய்து புல் முளைத்துவிட்டால் அந்தப் பச்சையிலேயே ஈரம் கிடைத்துவிடும், மலை முழுக்கச் சிதறிவிடும். சுட்ட பறவையின் இரைப்பையைக் கீறிப் பார், நூல் நூலாகப் பச்சைப் புல் உருண்டையாகக் கிடக்கும். அதனால் டிசம்பரில் ஊற்றைத் தேடி அலையாமல் வெயில் படுகிற தெற்குச் சரிவுகளுக்குப் போவோம், பனி விழுந்திருந்தால் வேறு யோசனையே வேண்டாம்.

சக்கருக்கு ஒரு குணம், ஓடுவது மேல்நோக்கி, பறப்பது கீழ்நோக்கி. நீ கீழேயிருந்து மூச்சிரைக்க ஏறினால் அது உனக்கு முன்னால் உச்சிக்குப் போய், 'சக் சக் சக்' என்று கூப்பாடு போட்டுவிட்டு, பள்ளத்தாக்கைத் தாண்டிப் போயே போய்விடும். ஆகவே முதலில் ஏறிவிடுவோம், அப்புறம் அதே உயரத்தில் சரிவை ஒட்டிப் பக்கவாட்டில் நடப்போம், நாய் முன்னால் அகலமாகத் தேடட்டும். அது மோப்பம் பிடித்து, மூக்கை நீட்டி, வால் கூட ஆடாமல் நின்றுவிட்டால், நீ எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் கத்தாதே, கூப்பிடாதே, நடந்து போ. நாய் நிற்கிற வரைதான் பறவையும் பதுங்கியிருக்கும்.

சரி, என் நிபந்தனை ஒன்றுதான். நாய் நின்று காட்டிய பறவையை மட்டும் சுடு. குட்டி அவசரப்பட்டு முட்டிக் கிளப்பிவிட்டது என்றால், எவ்வளவு சுலபமாகப் பறந்தாலும் துப்பாக்கியைத் தூக்காதே. ஓடிக் கிளப்பினாலும் பறவை விழும் என்று அது ஒருமுறை தெரிந்துகொண்டால் அப்புறம் நிற்க வைப்பது பெரும்பாடு. சட்டப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 பறவை. அந்தக் கணக்கோடு வருகிறவன் நாயைக் கெடுத்துவிட்டுத்தான் போவான்.

நாயின் கால்தான் எனக்குக் கவலை. எரிமலைப் பாறை பாதத்தை அரம் போல அராவிவிடும், பூட்ஸ் வாங்கி இப்போதிருந்தே வீட்டுக்குள் போட்டுப் பழக்கு. குளிர்தானே என்று தண்ணீரைக் குறைக்காதே, நாய்க்கென்று தனியாக இரண்டு மூன்று லிட்டர் முதுகில் சுமக்க வேண்டும். வண்டிக்குத் திரும்பியதும் நாயின் விரல் இடுக்கு, காது, அக்குள் எல்லாம் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்; சீட்கிராஸ் விதையின் முள் உள்ளே போனால் திரும்பி வராது, போய்க்கொண்டே இருக்கும். குளிர்காலத்தில் நரிக்கும் கொயோட்டி என்கிற காட்டு நாய்க்கும் இரும்புப் பொறி வைத்திருப்பார்கள், இரண்டு பக்க ஸ்பிரிங்கையும் மிதித்து அழுத்தினால் தாடை தளரும், வந்ததும் செய்து காட்டுகிறேன். பழைய சுரங்கக் குழிகளும் உண்டு, தகரமோ மண்மேடோ தெரிந்தால் உடனே நாயைக் கூப்பிட்டு வாரைப் போட்டுவிடு.

வாஷிங்டனில் வாங்கிய வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் இங்கேயும் செல்லும், வெளிமாநில லைசென்ஸை மட்டும் ஆன்லைனில் எடுத்துவிடு. வெள்ளி ராத்திரிக்குள் ரீனோ வந்துவிடு, அங்கிருந்து ஐ-80 நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம், இருட்டோடு கிளம்ப வேண்டும். அம்மா மிளகு வறுவலுக்குத் தயார், பறவை கிடைக்காவிட்டால் ஃப்ரீசரில் கோழி இருக்கிறதாம்.

அப்பா